ஒரு விரற்கடை வெளிச்சம்

தலைசுற்றல் பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், அழுக்குத் துணி மூட்டைகள் வைக்கும் அறைக்கு அடுத்ததாக இருந்தது அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு கணினி, தரையில் நின்று பார்ப்பதற்கு ஒரு தடித்த ஸ்பாஞ்சு மெத்தை, கேமரா பொருத்திய கறுப்புக் கண்ணாடி ஒன்று. அவ்வளவுதான். அங்கே பதினெட்டு வருஷமாகப் பரிசோதனை செய்கிற அக்காவுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பெயர்: தலைசுத்தக்கா.

"உங்க மூஞ்சியைப் பார்த்தாலே சுத்துதுக்கா" என்பார் லிஃப்ட்காரர், தினமும்.

"அப்ப ரூமுக்கு வாங்க. படுக்கப் போட்டு நாலு உருட்டு உருட்டினா நின்னுடும்" என்பாள் அக்கா, தினமும்.

அந்தப் பதிலில் பாதி நிஜம். காதுக்குள் இருக்கிற தூள் போன்ற கற்கள் இடம் மாறிப்போனால், தலையை இன்ன திசையில் இவ்வளவு நேரம் என்று திருப்பிப் படுக்கவைத்தே சரிசெய்துவிடலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கைவீசி நடந்து போவதை அக்கா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒவ்வொருவரையும் கட்டிலில் சாய்க்கும் முன்னால் மனசுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வாள்: "ஆண்டவனே, என் கையால யாரும் விழுந்துடக் கூடாது."

செவ்வாய்க்கிழமை மதியம் வந்த கிரேன்காரருக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும் மனிதர். அறுபது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பும் கான்கிரீட்டும் தூக்குகிற வேலை. மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்து விட்டுப்போன மறுநாள், படுக்கையில் கிடந்தவருக்கு உலகமே பம்பரமாகச் சுற்றியிருக்கிறது. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் வீக்கம் என்று டாக்டர் எழுதியிருந்தார். இப்போது சுற்றல் இல்லை. மேலே ஏறத் தகுதி உண்டு என்று ஒரு காகிதம் கொண்டுவந்தால்தான் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள்.

கூட வந்திருந்த மனைவி தையல்காரி. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்களால் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குள்ள பேப்பர் குடுக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்க்கா. இருபது வருஷமா மேலயே இருந்த மனுஷன். இந்த மூணு வாரம் வீட்ல தரையில உட்கார்ந்து என் கத்தரிக்கோலைச் சாணை பிடிச்சுக்கிட்டு இருக்கார். எதிர்ல இருக்கிற துணியெல்லாம் பயப்படுது."

"உனக்கு என் மேல பொறாமை" என்றார் கிரேன்காரர். "நான் வெட்டினா நேரா வருது."

மூவரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள் என்று அக்காவுக்குப் பட்டது. நல்ல மனிதர்களிடம்தான் கை கொஞ்சம் தளரும்.

ஸ்பாஞ்சு மெத்தைமேல் கண்ணைத் திறந்தபடி முப்பது நொடி நிற்கச் சொன்னாள். இருபத்தெட்டு வரை நின்றார். பிறகு ஒரு கால் பெயர்ந்தது. பரவாயில்லை ரகம். அடுத்து கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். அதன் முன்னால் ஒரு மூடி உண்டு. அதைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. ஆனால் உள்ளிருக்கும் கேமராவுக்கு இருட்டிலும் கண் தெரியும். காதில் கோளாறு இருந்தால், அந்த இருட்டில் கருவிழி ஒரு பக்கமாக மெல்ல நழுவும், பிறகு வெடுக்கென்று திரும்பும். மறுபடி நழுவும். கண்ணுக்குப் பற்றிக்கொள்ள ஒரு புள்ளி இருந்தால் இது மறைந்துபோகும். அதனால்தான் இருட்டு.

அக்கா மூடியைச் சாத்தினாள். மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

"எடுங்க! எடுத்துடுங்க!"

கிரேன்காரரின் இரண்டு கைகளும் காற்றில் துழாவின. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூடியை எடுத்ததும் வாயால் மூச்சு வாங்கியபடி அப்படியே கிடந்தார். மனைவி வாசலிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இருட்டு... ஆகாது எனக்கு."

"வீட்லகூட சின்ன லைட் எரியணும்க்கா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டார்."

அறை ஜில்லென்று இருந்தது. வேர்வையில் நனைந்தவருக்கு உடம்பு நடுங்கியது. அக்கா நாற்காலியில் கிடந்த தன் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். ஓரம் கிழிந்த பழைய சால்வை. மறுபடி மூடியைச் சாத்தப் பார்த்தாள். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் நகங்கள் வெளுத்துப்போயின. இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லலாம். அடுத்த தேதி பதினைந்து நாள் கழித்துத்தான். அதற்குள் அந்தக் கண்ணாடிக் கூண்டில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

"சரி, பயப்படாதீங்கண்ணே" என்றாள் அக்கா. "கொஞ்சமா திறந்து வைக்கிறேன்."

மூடியை ஒரு விரற்கடை மட்டும் ஒதுக்கிவைத்தாள். கிரேன்காரரின் மூச்சு அடங்கியது. கை பிடி விட்டது. கணினித் திரையில் அவருடைய கண்ணின் கோடு, கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக ஓடியது. ஒரு நழுவல் இல்லை, ஒரு சிலிர்ப்பு இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் உலகமே சுழன்று விழுந்த மனிதனின் கண்ணுக்கு அது அதிகப்படியான அமைதி. 'மூடி திறந்திருந்தது' என்று குறிப்பில் எழுத வேண்டும். எழுதினால் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார். வாசலில் தையல்காரி கைப்பை வாரைத் திருகுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டாள். கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டாள். அதை நம்பி டாக்டரும் போட்டார். சால்வையைப் போர்த்தியபடியே போகச் சொன்னாள்.

"நல்லா இருப்பீங்கக்கா" என்றாள் தையல்காரி.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாழ்த்து உடம்பில் ஒட்டவே இல்லை.

மறுநாள் காலை பனி மூட்டம். பஸ்ஸுக்கு முன்னால் போகிற பஸ் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இறங்கியபோது, தையல்காரி அங்கே காத்துக்கொண்டிருந்தாள். கையில் மடித்த சால்வை. துவைத்து, தேய்த்து, கிழிந்த ஓரத்தை ஒரே நிற நூலால் தைத்திருந்தாள். தையல் எங்கே என்று தேடத்தான் வேண்டும்.

"கடை திறக்கப் போற வழிதானே, குடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். ராத்திரியே பேப்பரைக் குடுத்துட்டார். காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டார். புது மாப்பிள்ளை தோத்துடுவான், அப்படி ஒரு மினுக்கு!"

"சந்தோஷம்மா. வீட்ல நடக்கிறதெல்லாம் நல்லா நடக்கிறாரா?"

"நடக்கிறார், ஓடுறார், எல்லாம் செய்யறார். ஒண்ணே ஒண்ணுதான். மூஞ்சிக்கு சோப்பு போடும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு தோளைப் பிடிச்சுக்கச் சொல்வார். இந்த மூணு வாரமா கல்யாணம் ஆன புதுசு மாதிரி இருக்குக்கா எனக்கு."

அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

சோப்பு போடும்போது கண்ணை மூட வேண்டும். கண்ணை மூடினால் அவருக்கு நிற்க முடியவில்லை.

"நேத்து படுத்திருந்தப்ப எதையாவது பார்த்துக்கிட்டு இருந்தேன்னு சொன்னாரா?" அக்காவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"ஆமா, அதைத்தான் சொல்லிச் சொல்லி மாயறார். மேல கூரையில ஒரு சிவப்புப் பொட்டு எரிஞ்சுதாமே? மூடி இடுக்கு வழியா அதையே பிடிச்சுக்கிட்டாராம். 'அது இருந்தவரைக்கும் எல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சுடி'ன்னார்."

புகை வந்தால் கத்துகிற கருவியின் விளக்கு அது. பதினெட்டு வருஷமாக அக்காவின் தலைக்குமேல் எரிகிறது.

அக்கா வானத்தைப் பார்த்தாள். வானம் இல்லை. ஆஸ்பத்திரியின் நாலாவது மாடிக்கு மேல் ஒன்றுமே இல்லை, வெள்ளையைத் தவிர. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ, கண் பற்றிக்கொள்ள ஒரு கோடுகூட இல்லாத இடத்தில், அவள் கையெழுத்தை நம்பி ஒரு மனிதர் ஏறிக்கொண்டிருந்தார்.

"போன் போடும்மா அவருக்கு."

"மேல ஏறும்போது போனைக் கீழ பெட்டியில வெச்சுடணும்க்கா. ஏன்? என்னக்கா? ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?"

"வண்டியில சொல்றேன். வா."

ஆட்டோவில் சொன்னாள். ஒளிக்காமல், கூட்டாமல், என்ன செய்தாளோ அதைச் சொன்னாள். தையல்காரி சால்வையைத் திரும்பவும் தன் மடியில் வைத்துக்கொண்டு, தான் போட்ட தையலையே விரலால் தடவிக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட அக்காவுக்குத் தாங்கியிருக்கும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மனிதர்கள் நிழல்களாக நின்றுகொண்டிருந்தார்கள். கிரேனின் கால் மட்டும் தெரிந்தது. மஞ்சள் இரும்புச் சட்டம் பத்தாள் உயரத்துக்குப் போய், பிறகு வெள்ளைக்குள் புகுந்து காணாமல் போனது.

சூப்பர்வைசர் மஞ்சள் தொப்பியும் வாக்கிடாக்கியுமாக நின்றிருந்தார். அக்கா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

"என்னம்மா விளையாடறீங்களா? நேத்து நீங்களே ஃபிட்டுனு எழுதிக் குடுத்துட்டு, இன்னைக்கு நீங்களே வந்து இல்லேங்கறீங்க?" பைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

அக்கா அதை வாங்கினாள். அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, வெறுமையாக விட்டிருந்த இடத்தில், அவர் முதுகையே மேஜையாக வைத்து எழுதினாள்: 'பரிசோதனையின்போது மூடி திறந்திருந்தது. முடிவு செல்லாது. தவறு என்னுடையது.' தேதி போட்டு மறுபடியும் கையெழுத்திட்டாள்.

சூப்பர்வைசர் படித்தார். முகம் மாறியது. "சரி விடுங்க. எப்படியும் இந்தப் பனியில வேலை இல்ல. இப்பத்தான் இறங்கி வரச் சொன்னேன்."

"இறங்கச் சொல்லிட்டீங்களா?"

"பின்ன? மேல குந்தவெச்சு கஞ்சியா ஊத்துவேன்?"

எல்லாருக்கும் கீழே வருவதுதான் பத்திரம். ஆனால் செங்குத்தான ஏணியில், தலையைக் குனிந்து காலடியைத் தேடியபடி, நாலு பக்கமும் வெள்ளையாக இருக்கும்போது இறங்குகிற அந்த மனிதருக்கு எது மேல், எது கீழ் என்று சொல்லக் காதை நம்ப முடியாது. கண்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கோ பனி.

அக்கா வாய் திறப்பதற்குள் வாக்கிடாக்கி கரகரத்தது.

"சார்..." கிரேன்காரர் குரல். தட்டையாக, யாரோ கழுத்தைப் பிடித்திருப்பதுபோல. "மொத ஏணி இறங்கிட்டேன். இடையில இருக்கிற இரும்புத் தட்டுல நிக்கிறேன். தட்டு சாயுது சார். கிரேன் சாயுதா?"

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் சட்டம் அசையாமல் நின்றது.

"சாயலைய்யா. நீ..."

அக்கா வாக்கிடாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "அண்ணே, நான் ஆஸ்பத்திரி அக்கா. நிக்காதீங்க. அப்படியே உட்காருங்க. முதுகை இரும்போட ஒட்டவெச்சு, ஒரு கையால கம்பியைக் கட்டிப் பிடிங்க. உட்கார்ந்துட்டீங்களா?"

நீண்ட இரைச்சல். "உட்கார்ந்துட்டேன். சுத்துதுக்கா. எல்லாம் சுத்துது."

"உங்க கையில இருக்கிற செட்டைப் பாருங்க. பேசும்போது அதுல சிவப்பு விளக்கு எரியுது பாருங்க. நேத்து கூரையில பார்த்தீங்களே, அது மாதிரி. அதைப் பிடிச்சுக்குங்க. கண்ணை எடுக்காதீங்க."

"எரியுது... பேச்சை நிறுத்தினா அணைஞ்சுடுதே."

"அப்ப நிறுத்தாதீங்க. பட்டனை அழுத்திக்கிட்டே பேசிக்கிட்டு இருங்க."

"என்ன பேச?"

"எதையாவது. பனி விலகற வரைக்கும்."

அவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை கீழேயிருந்து ஒரு சொல்லும் அவருக்குப் போய்ச் சேராது. யாராவது கேட்கிறார்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அரை நிமிடத்துக்கு மேல் அழுத்தினால் வாக்கிடாக்கி தானாகவே பேச்சைத் துண்டித்துவிடும். மறுபடி அழுத்த வேண்டும். அந்த இடைவெளி, இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். முதல் இடைவெளி வந்ததும், தையல்காரி குனிந்து, அக்கா கையிலிருந்த வாக்கிடாக்கியின் பட்டனை அழுத்தினாள்.

"இருக்கேன்" என்றாள்.

வாக்கிடாக்கியில் ஒரு விம்மல். மேலே விளக்கு எரிந்திருக்க வேண்டும். பிறகு குரல் வந்தது.

முதலில் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னார். ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பினார். கீழே யாரோ சிரிக்கப்போய், அடக்கிக்கொண்டார்கள். அப்புறம் மனைவியின் கடையில் இருக்கிற நூல்கண்டுகளின் நிறங்களைச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு நின்றுவிடுமோ என்று சுற்றி நின்ற பத்துப் பேரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கேயோ உயரத்தில் ஏதோ இரும்பு ஒருமுறை ணங்கென்று மோதியது. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு" என்றது குரல். "அஸ்திவாரக் குழி வெட்டினோம். மண்ணு சரிஞ்சுது. நானும் என் கூட்டாளியும் உள்ள. ஒரு பலகை குறுக்க விழுந்ததால மூச்சு விட இடம் இருந்துச்சு. ஒண்ணும் தெரியலை. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தான். அவங்கம்மா, அவன் வாங்கப்போற சைக்கிள், எல்லாம் பேசினான். எனக்குப் பயம். 'சும்மா இருடா, காத்து தீர்ந்துடும்'னேன். அவன் பேச்சை நிறுத்திட்டான். அப்புறம்... அப்புறம் கையும் ஜில்லுனு ஆயிடுச்சு. வெளிய எடுக்கறவரைக்கும் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அதுக்கப்புறம்தான் நான் மேல ஏறிட்டேன். மேல இருட்டு இல்ல. மண்ணு இல்ல."

விளக்கு அணைந்தது.

"இருக்கேன்" என்றாள் தையல்காரி. இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் கேட்டிராத கதையை, பத்து அந்நியர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. பட்டனை அழுத்தும் விரல் தவறிவிடும் என்று பயம்.

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே இரண்டு தொழிலாளிகள் இடுப்பில் கயிறும் கொக்கியும் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். மஞ்சள் சட்டத்துக்குள் அவர்கள் சின்னவர்களாகி, வெள்ளைக்குள் மறைந்தார்கள்.

நாற்பது நிமிடம். எத்தனை 'இருக்கேன்' என்று யாரும் எண்ணவில்லை. அக்கா மனசுக்குள் தன் பழைய வரியைச் சொல்லப் பார்த்தாள். 'என் கையால' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் அது நின்றுபோனது.

பிறகு வாக்கிடாக்கியில் இன்னொரு குரல்: "பிடிச்சுட்டோம் சார். பெல்ட் மாட்டியாச்சு. ஆள் ஓகே." கொஞ்சம் தள்ளி கிரேன்காரர் குரலும்: "எதிர் பில்டிங் ஜன்னல் தெரியுது. நேராத்தான் இருக்கு."

கீழே வந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளை மண்ணில் பதித்துக்கொண்டார். தையல்காரி சால்வையை அவர் தோளில் போட்டாள். அக்கா எதிரே மண்டியிட்டாள்.

"நான் உங்களுக்கு நல்லது செய்யறதா நினைச்சு..."

"நானும்தான் கேட்டேன்" என்றார் அவர்.

டாக்டரிடம் அக்கா தானே போய்ச் சொன்னாள். மூன்று மாதம் அவள் எழுதும் ஒவ்வொரு முடிவையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. "இப்ப உங்களுக்கே சுத்துதா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். "சுத்துது" என்றாள் அக்கா. அவர் இரண்டாவது மாடிக்கான பொத்தானை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை, எல்லா நோயாளிகளும் போன பிறகு, கிரேன்காரரை மறுபடி வரச் சொன்னாள். கூரையிலிருந்த சிவப்புப் புள்ளியின் மேல் கறுப்புத் துணி ஒட்டியிருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் தையல்காரி, இன்னொரு பக்கம் அக்கா. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க பேச வேணாம். இந்தத் தடவை நாங்க பேசறோம்" என்றாள் அக்கா. அதை அன்றைக்கே செய்திருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூடியை முழுதாகச் சாத்தினாள். அவருடைய விரல்கள் எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுகின. "நூல்கண்டு எல்லாம் எண்ணினீங்களே, ஊதாவை விட்டுட்டீங்க" என்றாள் தையல்காரி. "ஏழெட்டு எவ்வளவுன்னு இப்பவாவது தெரியுமா?" என்றாள் அக்கா. நடுக்கம் இருந்தது. ஆனால் கை துழாவவில்லை.

திரையில் கோடு ஓடத் தொடங்கியது. ஒரு நொடி நேராக. பிறகு மெல்லச் சரிந்து, வெடுக்கென்று எழுந்தது. மறுபடி சரிந்து எழுந்தது. ரம்பத்தின் பல்லைப்போல வரிசையாக, நிற்காமல், திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

இருட்டுக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "எப்படி இருக்குக்கா?"

அக்கா திரையிலிருந்து கண்ணைத் திருப்பினாள். அவர் கையை விடவில்லை.

"நல்லா இல்லண்ணே. இடது காது வேலை செய்யலை. நாளையிலேர்ந்து பயிற்சி தர்றேன். கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டே தலையை ஆட்டணும், அப்புறம் ஸ்பாஞ்சு மேல நிக்கணும். தினமும் மூணு வேளை. மூளை மெல்லக் கத்துக்கும். மூணு மாசம் கழிச்சு இதே இருட்டுல மறுபடி பார்ப்போம்."

"அப்ப மேல போகலாமா?"

"தெரியலை. தெரியாததைத் தெரியும்னு இனிமே எழுத மாட்டேன்."

கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை. அந்தக் கோடு மட்டும் சரிந்து சரிந்து எழுந்துகொண்டிருந்தது.

"இருக்கீங்களா?" என்றார் அவர்.

"இருக்கோம்" என்றார்கள் இருவரும்.